மாறுவேடமே போடாமல் கும்பலுக்குள் போனவர்

கேள்வி: போலீஸ்காரர் ரவுடிக் கும்பலுக்குள் ஊடுருவும் கதைகளில், இன்றும் பார்க்கத் தகுந்த பழைய ஹாலிவுட் படம் எது?

என் பதில் ‘புல்லட்ஸ் ஆர் பேலட்ஸ்’. 1936-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்தது, வில்லியம் கெய்லி இயக்கம். 82 நிமிடம்தான்.

எட்வர்ட் ஜி. ராபின்சன் இதில் ஜானி பிளேக் என்ற நியூயார்க் துப்பறிவாளர். ஒட்டுமீசை, பொய்ப்பெயர் எதுவும் கிடையாது. ஊரறிந்த முரட்டுப் போலீஸ்காரர், அதே பெயரோடும் அதே முகத்தோடும் எதிரியின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். புதிய கமிஷனர் அவரை வேலையை விட்டு நீக்குகிறார். பிளேக் பலர் பார்க்க கமிஷனரின் முகத்திலேயே குத்துகிறார். பிளேக் நேர்மையானவர் என்பதால்தான் அந்தக் கோபத்தைக் கும்பல் தலைவன் க்ரூகர் நம்பிவிடுகிறான். இது நாடகம் என்று படமும் நமக்கு உடனே சொல்வதில்லை. முதல்முறை பார்த்தபோது நானும் நம்பிவிட்டேன்.

இப்படி ஒரு கதை அப்போது வந்ததற்குக் காரணம் உண்டு. ‘லிட்டில் சீசர்’ (1931) ராபின்சனைத் தாதாவாகப் புகழேற்றியது. 1934-இல் தணிக்கை விதிகள் இறுகியபின் தாதாவை நாயகனாக்க முடியவில்லை. போலீஸ்காரரையே கும்பலுக்குள் அனுப்பினால் ராபின்சனின் அந்த மிடுக்கும் கிடைக்கும், சட்டமும் ஜெயிக்கும்.

ஆனால் நான் இந்தப் படத்தைப் பரிந்துரைப்பது ஜோன் பிளான்டெலுக்காக. அவர் நடித்த லீ மார்கன், பிளேக்கின் நெருங்கிய தோழி. நெல்லி என்ற கறுப்பினப் பெண்ணோடு (லூயிஸ் பீவர்ஸ்) சேர்ந்து சிறிய அளவில் நம்பர் சூதாட்டம் நடத்துகிறாள். ஏழைகள் சில்லறைக் காசைக் கட்டி மூன்று இலக்க எண்ணைச் சொல்லும் ஆட்டம் அது. கும்பலின் நம்பிக்கையைப் பெற பிளேக் ஏதாவது கொண்டுபோக வேண்டும் அல்லவா? சில்லறையாகச் சேரும் பணம் எவ்வளவு பெரியது என்று க்ரூகருக்குக் காட்டிக்கொடுக்கிறார். லீயின் பிழைப்பு பறிபோகிறது. உண்மையை அவளிடம் சொல்லவும் அவருக்கு வழியில்லை. துப்பாக்கிச் சண்டைகளை விட இந்த இடம்தான் எனக்கு வலித்தது.

இது வெறும் கற்பனையும் அல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் போன்ற கறுப்பினத்தவர் நடத்திவந்த நம்பர் ஆட்டத்தை டச் ஷூல்ட்ஸ் என்ற நிஜ தாதா மிரட்டிக் கைப்பற்றினான். 1935 அக்டோபரில் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டே இந்தப் படம். கதையில் பங்கெடுத்த மார்ட்டின் மூனி, தனக்குத் தகவல் தந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை போன பத்திரிகையாளர். படத்தின் தொடக்கத்தில் க்ரூகர் தியேட்டரில் உட்கார்ந்து, தன் கும்பலின் கொள்ளையைப் பற்றிய படத்தையே பார்க்கிறான். அந்தக் காட்சியின் துணிச்சல் இன்றும் குறையவில்லை.

ஹம்ப்ரி போகார்ட்டையும் கவனியுங்கள். அப்போது அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. பிளேக்கை முதல் நாளிலிருந்தே சந்தேகப்படும் ஃபென்னராக வருகிறார். க்ரூகர் ஆளைப் பார்த்து நம்புகிறான். ஃபென்னர் யாரையுமே நம்புவதில்லை. கும்பலில் அவன் கணிப்பு மட்டும்தான் சரி. அதனால் அவன் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் பிளேக்குக்காக நமக்குப் பதறும். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. கதைச் சுருக்கம் எதையும் படிக்காமல் பாருங்கள்.