பேப்பர் எழுத ஏஐ யூஸ் பண்ணா பிஹெச்டி போயிடுமா?

பையன் பிஹெச்டி பண்றான், ஆராய்ச்சி பேப்பர் எழுத சாட்ஜிபிடி யூஸ் பண்றான், டிடெக்டர்ல மாட்டினா எல்லாம் போயிடுமோன்னு கேட்டிருக்கீங்கம்மா. பயம் புரியுது, ஆனா நீங்க பயப்படுற இடம் வேற, பிரச்சனை இருக்கிற இடம் வேற. ஏஐய தொட்டதே குத்தம்னு பேப்பர் வெளியிடற பெரிய ஜர்னல்கள் இப்ப சொல்றதில்ல. மறைச்சா, செக் பண்ணாம அனுப்பினா, அப்பதான் சிக்கல். ஒண்ணு மட்டும், யுனிவர்சிட்டி ரூல் ஜர்னல் ரூல விட கடுமையா இருக்கலாம், பட்டத்துக்கு கொடுக்கற தீசிஸ்க்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு தம்பி கைடுகிட்ட கேட்டு மெயில்ல வாங்கி வச்சுக்கட்டும், வாய்வார்த்தை பின்னாடி நிக்காது.

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்து ரெண்டு மாசம்கூட ஆகல, சிலர் அதையே ஆத்தரா போட்டு பேப்பர் போட ஆரம்பிச்சுட்டாங்க. 2023 ஜனவரில நேச்சர், சயன்ஸ்ங்கற ரெண்டு பெரிய ஜர்னலுமே இது ஆத்தர் ஆக முடியாதுன்னு சொல்லிடுச்சு, பிப்ரவரில ஜர்னல்களுக்கு நெறிமுறை சொல்ற கோப் அமைப்பும் அதையேதான் சொல்லுச்சு. காரணம் சிம்பிள், எழுதினதுக்கு பொறுப்பு ஏத்துக்க சாஃப்ட்வேரால முடியாது, காப்பிரைட் பேப்பர்ல கையெழுத்தும் போட முடியாது. அப்ப அது உளறினா அந்த உளறலுக்கும் தம்பிதான் பதில் சொல்லணும், கூட பேர் போட்ட கைடும்தான்.

ரூல் மாறிக்கிட்டே வேற இருக்கு. சயன்ஸ் ஜர்னல் முதல்ல ஏஐ எழுதின ஒரு வரிகூட கூடாதுன்னுச்சு, 2023 நவம்பர்ல வெளிப்படையா சொன்னா ஓகேன்னு இறங்கி வந்துச்சு. அதனால சீனியர் போன வருஷம் சொன்னத நம்பாம, அனுப்புற அன்னைக்கு அந்த ஜர்னலோட ஆத்தர் கைட்லைன்ஸ படிக்கணும். எல்ஸ்வியர் மாதிரி ஜர்னல் பதிப்பகத்துல ரெஃபரன்ஸுக்கு முன்னாடி தனியா ஒரு அறிவிப்பு கேப்பாங்க, எந்த டூல், எதுக்கு யூஸ் பண்ணோம், அப்புறம் நாங்களே படிச்சு திருத்தினோம், முழுப் பொறுப்பு எங்களோடதுன்னு மூணு வரி, அவ்ளோதான். வெறும் ஸ்பெல்லிங், கிராமர் பாத்ததுக்கு அது தேவையில்லன்னும் சொல்லியிருக்காங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத பிள்ளைங்க மொழிய சரிபண்ண இத யூஸ் பண்றத நான் தப்பாவே பாக்கல, காசு இருக்கிறவங்க எடிட்டர் வச்சு பண்ணின வேலைதானே அது.

ஆனா சொல்லிட்டா மட்டும் தப்பிச்சுட முடியாது. 2024 பிப்ரவரில ஃப்ரன்டியர்ஸ் ஜர்னல் ஒண்ணுல எலி படம் ஒண்ணு வந்துச்சு, மிட்ஜர்னிங்கற ஏஐ டூல்ல வரைஞ்சதுன்னு ஆத்தருங்களே எழுதியும் இருந்தாங்க. உடற்கூறு கன்னாபின்னான்னு, லேபிள்ல எழுத்துக்கு அர்த்தமே இல்ல, உலகமே சிரிச்சு சில நாள்லயே பேப்பர வாபஸ் வாங்கினாங்க. அதே வருஷம் இன்னொரு பேப்பரோட முன்னுரை, உங்க தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோன்னு சாட்பாட் பதில் சொல்ற வரியோடயே ஆரம்பிச்சு அச்சாயிடுச்சு, ஆத்தர், பேப்பர படிச்சு மதிப்பிடற ரிவ்யூவர், எடிட்டர் ஒருத்தர் கண்ணுலயும் படலயாம்!

நான் ரொம்ப கவலைப்படுறது ரெஃபரன்ஸ் விஷயத்துலதான். ஏஐ நிஜமான ஆளோட பேர எடுக்கும், நிஜமான ஜர்னல் பேர எடுக்கும், ரெண்டையும் சேத்து எழுதப்படவே இல்லாத ஒரு பேப்பர உருவாக்கி வருஷம், பக்கம் எல்லாம் போட்டு கொடுக்கும், பாத்தா சந்தேகமே வராது. ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கிற டிஓஐங்கற அடையாள நம்பர தட்டி பேப்பர் திறக்குதான்னு பாக்கணும், திறந்தா தலைப்பும் ஆத்தரும் அதுதானான்னு பாக்கணும், அதுவும் போதாது, நாம எதுக்கு அத மேற்கோள் காட்டுறோமோ அந்த விஷயம் உள்ள இருக்கான்னு படிக்கணும், ஏன்னா நிஜ பேப்பரையே அது சொல்லாத முடிவுக்கு சாட்சியா நிறுத்துறதும் ஏஐக்கு கைவந்த கலை. தான் படிக்காத பேப்பர லிஸ்ட்ல போடக்கூடாதுங்கறது ஏஐ வர்றதுக்கு முன்னாடியே இருந்த ரூல்தான், யாரும் மதிக்கல, அது வேற கதை.

ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்கற டிடெக்டர் சாஃப்ட்வேர் பத்தி கேட்டீங்க. அத முழுசா நம்பவும் முடியாது. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க தாங்களே எழுதின டோஃபல்ங்கற இங்கிலீஷ் தேர்வு கட்டுரைகள ஏழு டிடெக்டர்ல போட்டு 2023ல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க சோதிச்சாங்க, சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு தப்பா காட்டுச்சு. ஓப்பன்ஏஐ தன்னோட டிடெக்டரையே துல்லியம் பத்தலன்னு அதே வருஷம் ஜூலைல எடுத்துடுச்சு. அதனால தம்பி டிராஃப்ட் ஹிஸ்டரி, லேப் நோட்டு, சாட் லாக் எதையும் அழிக்கக்கூடாது, நாளைக்கு யாராவது கேட்டா அதுதான் சாட்சி. டிடெக்டர ஏமாத்த வாசகத்த மாத்திக் கொடுக்கற ஹியூமனைசர் டூல் பக்கம் போகவே கூடாது, டெக்னிக்கல் வார்த்தையெல்லாம் மாறி வாசகம் கோணலாயிடும், அந்த கோணலத் தேடிப் புடிக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க.

அடுத்தவங்க பேப்பர மதிப்பிட கைடு தனக்கு வந்த ரிவ்யூ வேலைய ஸ்டூடண்ட்கிட்ட தள்ளிவிடறது நடக்கும். இன்னும் வெளிவராத அந்த மேனுஸ்க்ரிப்ட்ட சாட்பாட்ல பேஸ்ட் பண்ணவே கூடாது, அது அடுத்தவங்க ரகசியம். பேஷண்ட் டேட்டா, பேட்டி டேட்டாவும் அப்படித்தான்.

இனி வேலை பத்தி. வாபஸ் நோட்டீஸ் அந்த பேப்பரோட ஒட்டிக்கிட்டே இருக்கும், பிஹெச்டிக்கு அப்புறம் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க தம்பி பேர கூகுள்ல போட்டா அதுவும் கண்ணுல படலாம். அதவிட பெருசா நான் பாக்கறது, டிஸ்கஷன் பகுதிய ஏஐ எழுதிக் கொடுத்தா வைவாங்கற நேர்முகத் தேர்வுல ஏன் இந்த மெத்தட், ஏன் இந்த முடிவுன்னு கேக்கறப்போ வார்த்தையே வராது. முதல் டிராஃப்ட் கேவலமா இருந்தாலும் தம்பி தானே எழுதட்டும், மெருகு ஏத்த மட்டும் டூலுக்கு போகட்டும்.

ஏற்கனவே சொல்லாம அனுப்பிட்டான்னா பதறாதீங்கம்மா. முதல்ல கைடுகிட்டயும் கோ-ஆத்தர்ஸ்கிட்டயும் சொல்லணும், மறைச்சு தனியா எதுவும் பண்ணக்கூடாது. அப்புறம் ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணையும் செக் பண்ணிட்டு, பேப்பர் ரிவ்யூல இருந்தா எடிட்டருக்கு மெயில் போட்டு அறிவிப்ப சேத்துக்க சொல்லலாம். வெளிவந்துட்டா திருத்தம் கேக்கலாம், ஆத்தரே முன்வந்து கேட்டா எடிட்டர் பாக்கற பார்வையே வேற. மெயில் டிராஃப்ட் வேணும்னா தம்பிய எனக்கு எழுத சொல்லுங்க, அவரே எழுதின டிராஃப்ட்டோட.