ஸ்கூபா டைவிங்ல கால் மட்டும் கீழ இறங்குது, வெயிட்டை எங்க மாட்டணும்?

மொத்த வெயிட்டையும் இடுப்பு பெல்ட்லயே போட்டா பெரும்பாலும் இப்படித்தான் ஆகும், ஏன்னா நுரையீரலும், பிசிடில (காத்து நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்துற ஜாக்கெட்) இருக்குற காத்தும் நெஞ்சுப் பக்கத்தை மேல தூக்கும், பெல்ட் இடுப்பைக் கீழ இழுக்கும், உடம்பு சாஞ்சு நின்னுடும். ஒண்ணு ரெண்டு கிலோவை எடுத்து சிலிண்டர் பட்டையில, தோள்பட்டைக்குக் கிட்ட மாட்டிப் பாருங்க.

அதுக்கு முன்னாடி மொத்த வெயிட் சரியான்னு பாக்கணும், நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்ல அடைச்ச காத்தே 2 கிலோவுக்கு மேல வரும், டைவ் முடியிறப்ப அதுல பெரும்பகுதி போயிருக்கும், சிலிண்டர் மிதக்கப் பாக்கும். அதனால சிலிண்டர்ல 50 பார் அழுத்தத்துக்குக் காத்து மிச்சம் இருக்கும்போது 5 மீட்டர் ஆழத்துல, பிசிடில காத்து கிட்டத்தட்ட இல்லாம, நிக்க முடியுதான்னு செக் பண்ணுங்க.

ஆனா எல்லாத்தையும் முதுகுப் பக்கம் கொண்டுபோயிடாதீங்க, அவசரத்துல ஒரு கையால கழட்டிப் போடுற அளவுக்கு வெயிட் பெல்ட்ல கண்டிப்பா இருக்கணும்.