பிக்கப் வண்டி மலை ஏறும்போது மட்டும் ஹீட் ஆகிறது. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புனலூர் போகிற டீசல் பிக்கப். செங்கோட்டை வரை ஹீட் மீட்டர் ஊசி நடுவிலேயே நிற்கிறது. புளியரை எஸ் வளைவு ஏறும்போது சிவப்பைத் தொடுகிறது. தண்ணீர் சூடானபிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தும் தீரவில்லை. இப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்:

அண்ணாச்சி, ரேடியேட்டருக்கு இப்போதே பணத்தைக் கொட்ட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சமதளத்தில் 60இல் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஃபேன் சரியில்லாவிட்டாலும் தெரியாது. புளியரையில் லோடோடு இரண்டாவது கியரில் 15, 20இல் ஊரும்போது இன்ஜின் முழு மூச்சில் வேலை செய்கிறது, எதிர்காற்றும் கிடையாது. ஃபேன் இழுத்தால்தான் காற்று. அதனால் முதல் சந்தேகம் ஃபேன், அடுத்தது அடைப்பு.

இதுவே நான்குவழிச் சாலையில் வேகமெடுத்தால்தான் ஹீட் ஏறுகிறது என்றால் கதை வேறு: உள் அடைப்பு, வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்), அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். (ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி தாண்டி பணகுடிப் பக்கம் வரும்போது மட்டும் ஊசி கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். காற்று வண்டியின் முதுகில் அடிக்கிறது, அவ்வளவுதான்.)

பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் நடுவில் வட்டமாக ஒரு விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். உள்ளே சிலிக்கோன் ஆயில், முன்முகத்தில் ஒரு சுருள் தகடு. ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானதும் தகடு வளைந்து ஆயிலுக்கு வழிவிடும், ஃபேன் இறுகி வேகமெடுக்கும். ஆயில் கசிந்துவிட்டால் ஃபேன் சுற்றுவது போலத்தான் தெரியும், காற்று இழுக்காது. வண்டி நன்றாக ஆறியபிறகு, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். பாகில் கரண்டி போட்ட மாதிரி லேசான பிடிப்போடு நின்றால் சரி. தானாக மூன்று நான்கு சுற்று ஓடினால் கிளட்ச் போச்சு. கிளட்ச் முகத்தை விரலால் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக மண் ஒட்டினால் ஆயில் வெளியே வந்துவிட்டது. ஏற்றத்தில் ஊசி ஏறும்போது முன்பக்கம் 'ஹோ'வென்ற இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பெல்ட் இறுக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறெதையும் பிரிக்காமல் கிளட்சை மாற்றுங்கள்.

ஃபேனைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ வேலைக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதுண்டு. கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருக்கும்.

அடைப்பில் இரண்டு வகை. வெளி அடைப்பு, இன்டர்கூலருக்கும் (டர்போ காற்றை ஆற்றும் கூடு) ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சேரும்: வாழைச்சருகுத் தூள், வைக்கோல், பூச்சி. முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகவே தெரியும். போல்ட்டை நெகிழ்த்திப் பிரித்து, இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கிச் சாதாரண டியூப்பால் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் கன் வேண்டாம், இதழ்கள் மடங்கிவிடும்.

உள் அடைப்பு பெரும்பாலும் தண்ணீரின் கைங்கரியம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினால் குழாய்க்குள் காரை கட்டும். வண்டி சூடாக இருக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு, வெப்பமானி கன்னால் ரேடியேட்டர் முகம் முழுக்க அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, ஒரு திட்டு மட்டும் மிகவும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. செப்பு ரேடியேட்டர் என்றால் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்துக்கு அது ஒத்துவராது; காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் அலுமினியத்தையே தின்றுவிடும். அதை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். அதில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும், பார் என்ற அழுத்தக் கணக்கு. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் செத்த மூடி என்றால் 100இலேயே கொதித்து வெளியே தள்ளும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது தப்பு. பல இன்ஜின்களில் அது திறக்கும்போது பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அது இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஏற்றத்தில் ஹீட் கூடத்தான் செய்யும். சமதளத்தில் இன்ஜின் சூடேறாமல் ஓடி டீசலும் தின்னும். புதிதை மாட்டும் முன் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

சிவப்பைத் தொட்டு ஓடிய வண்டி என்பதால் ஹெட் கேஸ்கெட்டையும் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பார்த்துவிடுங்கள். காலையில், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்துவரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் இரண்டு குமிழ் வந்து அடங்கினால் பரவாயில்லை. விடாமல் சரமாக வந்துகொண்டே இருந்தால் எரிபுகை தண்ணீருக்குள் இறங்குகிறது. அப்புறம் ஹெட்டை இறக்கி லேத்தில் மட்டம் பார்க்காமல் தீராது.

மலையில் ஆவி பறந்தால் உடனே நிறுத்துங்கள். மூடியைத் தொட முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் கோணிவிடும், விரிசலும் விடும்.

எல்லாம் மாட்டியபின் கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடி திறந்தபடி, மேல் ஹோஸ் சுடும்வரை ஐடிலில் ஓடவிட்டு, இறங்க இறங்க நிரப்புங்கள். உள்ளே காற்று நின்றால் சென்சார் ஆவியில் மாட்டிக்கொண்டு ஊசி பொய் சொல்லும். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டம் பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.