ஜனவரியில் மகனுக்குப் பிறந்தநாள், வெளியே தலைகாட்ட முடியாத குளிர், என்ன விளையாட வைப்பது?

கனடாவின் கிச்சனர் நகருக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறது, 13 வயது மகன் வகுப்பிலிருந்து எட்டுப் பையன்களையும் பெண்களையும் கூப்பிடப் போகிறான், பேஸ்மென்டில் மூன்று மணி நேரம் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான்.

முதலில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். படப் பெயரை நடித்துக் காட்டும் விளையாட்டு நமக்குப் பழக்கமானது, செலவும் இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் சின்ன வயதில் பார்த்த படங்களும் கார்ட்டூன்களும் உங்கள் மகனுக்குத் தெரியாது. அவன் வீட்டு விழாவில் அவனே முழித்துக்கொண்டு நிற்பான். இந்த வயதில் எல்லார் முன்னாலும் தனியாக நிற்பது யாருக்குமே பிடிக்காது. கையும் கண்ணும் மட்டும் வேலை செய்கிற விளையாட்டில் ஆரம்பியுங்கள்.

அதற்குக் குரோக்கினோல் மாதிரி ஒன்று கிடையாது. நம் கேரம் போல விரலால் சுண்டுவது, ஆனால் பலகை வட்டம். ஸ்டிரைக்கர் கிடையாது, உங்கள் காயையே நேராகச் சுண்ட வேண்டும். நட்டநடுவில் ஒரு குழி. அதில் விழுந்தால் 20, சுற்றியுள்ள வளையங்களுக்கு 15, 10, 5. உள் வளையத்தைச் சுற்றி எட்டுக் குமிழ்கள் காவல் நிற்கும், பாதிக் காய்கள் அவற்றில் முட்டித் திரும்பிவிடும். எதிராளியின் காய் பலகையில் இருந்தால் அதில் ஒன்றையாவது தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சுண்டிய காய் வெளியே. நாலு பேர் இரண்டு ஜோடியாக ஆடலாம். கேரம் ஆடிய விரல் என்றால் உங்கள் மகன் அரை மணியில் எல்லாரையும் திகைக்க வைப்பான்.

இது நம் பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். கிடைத்திருப்பதிலேயே மிகப் பழைய பலகையை 1876-இல் ஒன்டாரியோவின் பெர்த் கவுண்டியில் எக்கார்ட் வெட்லாஃபர் என்ற கைவினைஞர் செய்தார், மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்காக என்று சொல்வார்கள். உலகப் போட்டி 1999 முதல் ஒன்டாரியோவின் டாவிஸ்டாக் என்ற ஊரில் நடக்கிறது. நல்ல மரப்பலகை விலை அதிகம். உடனே வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். இங்கே பழைய வீடுகளில் பரணில் ஒன்று கிடக்கும். பல நூலகங்கள் புத்தகம் போலவே பலகை விளையாட்டுகளையும் இரவல் தருகின்றன.

காத்திருக்கும் கூட்டத்துக்கு ஸ்பூன்ஸ் என்ற சீட்டாட்டம். ஐந்து பேர் என்றால் நடுவில் நாலு ஸ்பூன். ஆளுக்கு நாலு சீட்டு. ஒன்றை எடுத்து, ஒன்றை இடப்பக்கம் வேகமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாலும் ஒரே எண்ணாகச் சேர்ந்தவன் சத்தமில்லாமல் ஒரு ஸ்பூனை எடுப்பான். அதைப் பார்த்ததும் எல்லாரும் பாய்வார்கள், ஒருவருக்குக் கிடைக்காது. மேசை வேண்டாம், தரையில் கம்பளத்தின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்பூன் முதல் சுற்றிலேயே உடைந்துவிடும்.

பீட்சாவுக்கு அப்புறம் விளக்கைக் குறைத்து மாஃபியா, ஊர்மக்களுக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரர்களைப் பேசிப் பேசியே கண்டுபிடிக்கும் விளையாட்டு. நம் ராஜா ராணி திருடன் போலீஸுக்குப் பெரியண்ணன். 1986-இல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடாஃப் என்ற மாணவர் உருவாக்கியது. பிள்ளைகள் போனில் ஆடும் அமங் அஸ் இதிலிருந்து வந்ததுதான். ஒருவர் கதை சொல்லி, இரண்டு பேர் மாஃபியா, ஒரு டாக்டர், ஒரு துப்பறிவாளர், மற்றவர்கள் ஊர்மக்கள். முதலில் ‘செத்தவர்’ சலித்துப்போய் போனை எடுப்பார், அவரைக் கதை சொல்லிக்கு உதவியாளாக வைத்துக்கொள்ளுங்கள். சரி, கதை சொல்வது யார்? பிள்ளைகளில் ஒருவரே சொல்லட்டும், நீங்களோ வீட்டுக்காரரோ வேண்டவே வேண்டாம். பெற்றோர் மாடியில் இருந்தால் போதும், சத்தம் அங்கே வரைக்கும் வரும்.

ட்ரூத் ஆர் டேர் (உண்மையைச் சொல், இல்லாவிட்டால் சொன்னதைச் செய் என்கிற விளையாட்டு) பக்கம் போகிறார்களா என்று மட்டும் ஒரு காது கொடுத்திருங்கள். யாராவது வீடியோ எடுத்து அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை பள்ளியில் தொல்லை.

அழைப்பிலேயே முடிகிற நேரத்தையும் போடுங்கள், பெற்றோர் சரியாக அந்த நேரத்துக்குக் காரோடு வருவார்கள். கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள், கடலைமிட்டாய் தட்டு அதற்கப்புறம்தான். விருந்தினர் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பரிசுப் பை, லூட் பேக், இந்த வயதுக்குத் தேவையில்லை, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று உங்கள் மகனே சொல்லிவிடுவான்.