சென்னையில் 38,000, ஊரில் 20,000: எந்த வேலைக்குப் போவது?

சென்னையில் 38,000, ராமநாதபுரத்தில் 20,000. ஊரில் அம்மாவும் பள்ளியில் படிக்கும் தங்கையும் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தேவிபட்டினம் பக்கம் என்று போட்டிருந்ததால் எழுதுகிறேன். நான் பாம்பன்காரி. இதே இடத்தில் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவை சென்னைக்குப் போனேன், ஒரு தடவை ஊருக்கு வந்தேன். இரண்டுமே சரியான முடிவுதான். நடுவில் முடிவே எடுக்காமல் ஓட்டிய மூன்று வருஷம்தான் தப்பு. அதையும் சொல்கிறேன்.

2017இல் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். சென்னையில் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் மாதம் 26,000 என்றார்கள். பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் 11,000. அப்பாவுக்கு வல்லம், அதாவது மீன்பிடிப் படகு. அம்மா பாசிக்குப் போகிறவர்.

பாசி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காக: விடியற்காலையில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு வல்லத்தில் தீவுப் பக்கம் போய், மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரைப் பாசியையும் பிடுங்கி வருவார்கள். பாறை கையைக் கிழிக்கும் என்று விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். 1986இல் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறையோடு இழுபறி வேறு. மாதத்தில் 12 நாள்தான் போவது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், ஜெல்லி மாதிரி உறைகிற பொருள். நான் பின்னால் சென்னையில் அந்த அகரை அரைக் கிலோ டப்பாவில் திறந்தேன். டப்பாவில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்த அன்று சரியாகச் சாப்பிடவில்லை. சரி, அது வேறு கதை.

அப்போது எல்லோரும் சொன்னதுதான் நானும் எழுதினேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் சம்பளம், அனுபவம், வளர்ச்சி. இன்னொரு பக்கம் குடும்பம், மன நிம்மதி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். ஒரு நாள் கூட்டினால் சென்னை வந்தது, மறுநாள் கூட்டினால் மண்டபம். மார்க் போடுவது நான்தானே. நீங்களும் அந்தப் பட்டியல் போட்டிருப்பீர்கள். அதைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதில் இருப்பதெல்லாம் வெறும் சொல். "பணம் முக்கியமா, குடும்பம் முக்கியமா" என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அந்தப் பணமே குடும்பத்துக்குத்தானே.

எனக்குத் தெளிந்தது ஒரு சாயங்காலம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உப்பு ஏறி இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடியும். அவிழ்த்தால் உள்ளே விரல் வெளுத்துப்போய், நகக்கண்ணில் கோடு கோடாக வெட்டு. பக்கத்தில் பாசி வியாபாரியின் சிட்டை நோட்டு. அதை எடுத்துப் பார்த்தேன். முன்பணம் 90,000 நின்றது. வல்லத்து இன்ஜினுக்கும் வீட்டுக் கூரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. முன்பணம் நிற்கும்வரை பாசியை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. உடம்புக்கு முடியவில்லை என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. என் முன்னுரிமைக்குப் பெயர் பணமும் இல்லை, குடும்பமும் இல்லை. அந்த நோட்டில் இருந்த 90,000. அதற்கு ஒரு தொகை இருந்தது, ஒரு முடிவும் இருந்தது.

பிறகு கணக்குப் போட்டேன். இதை நீங்களும் வெள்ளிக்கிழமைக்குள் செய்யுங்கள், அரை மணி நேர வேலை. எனக்குச் சொன்ன 26,000 என்பது சி.டி.சி., அதாவது கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. கம்பெனி போட வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், 1,560, அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று 4.81 சதவீதம், 625, அதுவும் அதற்குள்ளே. இன்சூரன்ஸ் 300. என் பங்கு பி.எஃப். இன்னொரு 1,560. தொழில் வரியும் போக, கையில் வந்தது 21,700 சொச்சம். ஹாஸ்டல் சாப்பாட்டோடு 6,500, பஸ்ஸுக்கு 1,000, மற்றதெல்லாம் சேர்த்து 2,000, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊர். மாதம் 10,000 அனுப்ப முடியும். மண்டபம் வேலை என்றால் 11,000இல் பஸ்ஸும் கைச்செலவும் போக 8,000 வீட்டுக்குக் கொடுக்கலாம்.

ஆக 15,000 வித்தியாசம் என்று நினைத்தது கடைசியில் வெறும் 2,000. அப்படியானால் ஊரிலேயே இருந்திருக்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாதான் வேறு மாதிரி சொன்னார். "இங்கன இருந்து சம்பாதிச்சா அது கொழம்புக் காசும்மா. அன்னன்னைக்குக் கரைஞ்சு போயிரும். தூரத்துல இருந்து வந்தாத்தான் மொத்தமா நிக்கும்." யோசித்துப் பார்த்தால் உண்மைதான். வீட்டில் இருந்தால் அப்பாவுக்கு மீன்பாடு இல்லாத வாரம் அரிசி, அத்தை மகள் சடங்கு, வலை கிழிந்தால் வலை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, காசு இருக்கிற கை பக்கத்தில் இருந்தால் அப்படித்தான். சென்னையிலிருந்து ஒன்றாம் தேதி வரும் 10,000 வேறு ஜாதிக் காசு. அது நேராக வியாபாரி நோட்டுக்குப் போகும்.

சென்னைக்குப் போனேன். ஒன்பது மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு, பத்தாவது மாதம் முடிந்தது. அம்மா நோட்டில் கோடு போட்டு அடித்ததை ஃபோனில் படம் எடுத்து தம்பி அனுப்பினான்.

தப்பு இங்கேதான் ஆரம்பித்தது. எதற்காகப் போனேனோ அது முடிந்தது, நான் அங்கேயே இருந்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சம்பளம் கொஞ்சம் கூடியது, ரூம் பழகியது, வேலை பிடித்தும் இருந்தது. பாம்பனில் இரண்டு கடல் உண்டு, உங்களுக்குத் தெரியும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், வல்லத்தைத் தென்கடலுக்குக் கொண்டுபோவார்கள். சோழகம் என்கிற தென்காற்று வந்தால் தென்கடலை விட்டு வடக்கே வருவார்கள். எது நல்ல கடல் என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன காற்று என்றுதான் கேட்பார். அவர் மகள் நான், காற்று மாறியதைக் கவனிக்காமல் மூன்று வருஷம் ஒரே துறையில் நங்கூரம் போட்டுக் கிடந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்குக்கு நாலு நாள் முன்னால் ஊருக்கு வந்தவள் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு வீட்டில் ஒரேயடியாக அவ்வளவு நாள் இருந்தது அப்போதுதான். ஃபோனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, திண்ணையிலிருந்து எழுந்திரிக்கத் தூணைப் பிடிப்பதைப் பார்த்தேன். இடது காதில் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்பணம் அடைந்து இரண்டு வருஷம் ஆகியும் பாசிக்குப் போவதை நிறுத்தவில்லை. கேட்டால், "எல்லாரும் போறாக, நான் மட்டும் ஒக்காந்து என்ன செய்ய" என்றார். அவரும் என்னை மாதிரிதான்.

இரண்டாவது தடவை நோட்டில் கோடு போடவில்லை. அம்மாவை மாதம் ஒரு தடவை மதுரைக்குக் காட்டக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும். தம்பி திருப்பூரில். ஆக ஆள் நான்தான். 2021இல் 34,000 சம்பளத்தை விட்டுவிட்டு, மண்டபம் பக்கம் கடல்பாசியிலிருந்து திரவ உரம் செய்யும் இடத்தில் தரக்கட்டுப்பாட்டுக்கு 18,000க்குச் சேர்ந்தேன். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசி, 45 நாளில் அறுப்பு. அதைப் பிழிந்த சாற்றில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. இப்போது 24,500 வாங்குகிறேன்.

இதை எழுதும்போது எல்லாம் இனிக்கிற மாதிரி இருக்கும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு அன்று சென்னையில் சேர்ந்த பெண் இப்போது என்னைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறாள். அவள் ஹைதராபாத்தில் டீம் நடத்துகிறாள், நான் இன்னமும் ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைக் கழுவுகிறேன். கழுவ ஆள் உண்டு, வராத நாள்தான் அதிகம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, நகைக்கடை வாசலில், பொறாமை வரத்தான் செய்கிறது. ஊர் வேலையில் அடுத்த படி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று இடம் இருக்கும், அங்கேயும் தெரிந்தவர்களே. நீங்கள் ராமநாதபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் இதைத் தெரிந்தே எடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: தங்கை அடுத்த வருஷம் பிளஸ் டூ. அவளைக் கல்லூரியில் சேர்க்க ஒரு தொகை வேண்டுமா, அல்லது இந்த ஒரு வருஷம் வீட்டில் ஒரு பெரிய ஆள் வேண்டுமா? இரண்டில் எது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். என்னிடமோ, இந்தத் தளத்தில் பதில் எழுதுகிற மற்றவர்களிடமோ வேண்டாம். தொகைதான் என்றால் எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று எழுதி ஒட்டிவைத்துவிட்டுச் சென்னை போங்கள். அந்த மாதம் வந்ததும் மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள், என்னை மாதிரி விட்டுவிடாதீர்கள். ஆள்தான் வேண்டும் என்றால் 18,000 வித்தியாசத்தைப் பார்த்து மலைக்காதீர்கள், வாடகையும் சாப்பாடும் போனால் அது பாதிகூட நிற்காது.

20,000 வேலையில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்களா என்று கேளுங்கள். சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்குத்தான் அது. உங்கள் வருமானத்தை நம்பி இருக்கும் அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். 38,000க்கு அது கிடையாது, கம்பெனி இன்சூரன்ஸ்தான், அதில் பெற்றோரைச் சேர்ப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்கள் இருக்கும் பகுதி இ.எஸ்.ஐ. எல்லைக்குள் வருகிறதா, பக்கத்தில் மருந்தகம் எங்கே என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக் கம்பெனி ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைப்போம் என்றால் கொடுக்காதீர்கள். எனக்கு முதலில் கிடைத்த இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். சின்னப் பெண், கேட்டதும் ஃபைலோடு நீட்டிவிட்டேன். 2021இல் விலகும்போது திரும்ப வாங்க மூன்று மாதம் நடையாய் நடந்தேன். மண்டபத்தில் அந்த மூன்று மாதமும் எனக்காக இடத்தைக் காலியாக வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை என்பதையும் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம். "வீட்டில் கலந்து பேசிவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்" என்று ஒரு மெயில் போடுங்கள். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு மூன்று நாளுக்காகப் பெரும்பாலும் கைவிட மாட்டார்கள். அந்த மெயிலிலேயே சனிக்கிழமை லீவா என்றும் கேளுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தை மூடியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை நாங்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் மாறினோம். உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடலாம். வெள்ளி சாயங்காலம் சென்னையில் ரயில் ஏறினால் விடிவதற்குள் ஊர். சனியும் லீவு என்றால் இரண்டு பகல் வீட்டில் கிடைக்கும். சனி வேலை நாள் என்றால் ஞாயிறு காலை வந்து குளித்துச் சாப்பிட்டு அன்று சாயங்காலமே ஏற வேண்டியதுதான்.