முன்பிரேக்கைக் கைவிட வேண்டாம்

காட்டுப்பாதையில் சைக்கிளில் இறங்கிய முதல் இறக்கத்திலேயே குறுக்கே கிடந்த வேரைக் கண்டு பதறி பிரேக்கை இறுக்கியதும் பின்சக்கரம் தூக்கிக்கொண்டது, அன்றிலிருந்து முன்பிரேக்கையே தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிராய்ப்போடு தப்பித்தீர்களே, அதுவே பெரிது. ஆனால் அந்த முடிவுதான் அடுத்த விழுகைக்கு வழி. இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்கு நகர்ந்துவிடுவதால், நிறுத்தும் வலு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

பிழை பிரேக்கில் இல்லை, பிடித்த இடத்தில். வேருக்கு முன்பே, மண் இறுகியிருக்கும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். வேரைத் தொடும் நொடியில் விரலைத் தளர்த்திவிடுங்கள். உருளும் சக்கரம் வேரில் ஏறித் தாண்டும், பூட்டிய சக்கரம் முட்டி நிற்கும். பிரேக்குக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும், மற்றவை கைப்பிடியில் இருக்கட்டும்.

சீட்டை ஏற்றத்துக்கு வைத்த உயரத்திலேயே விட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நானும் முதல் நாள் அப்படித்தான் போய் முதுகில் குத்து வாங்கினேன். இறங்குமுன் அதை நன்றாகத் தாழ்த்திவிட்டு, பெடல்களைச் சமமாக வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கைகள் மடங்கட்டும், குதிகால்கள் சற்றுத் தாழட்டும்.

டயரில் 50 பிஎஸ்ஐ காற்று தார்ச்சாலைக்குத்தான் சரி. ட்யூப் டயர் என்றால் 30 பக்கம் இறக்கிப் பாருங்கள்; எடை அதிகமானால் சற்றுக் கூட்டலாம். அந்த வேரை முதலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.