தொலையாத புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சென்ற ஜூனில் நூலகப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று பீரோ, 1,400 புத்தகம். எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்த சார் ஓய்வு பெறும்போது 37 புத்தகம் குறைந்ததென்று கைப்பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அதனால் நான் யாருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதில்லை. வாரம் ஒரு பீரியட் வகுப்பிலேயே கொடுத்து, மணி அடிப்பதற்குள் எண்ணி வாங்கி வைத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கும் வாசிப்பில் ஆர்வம் இல்லை. எல்லாம் போன் செய்த வேலை.

இப்போது முன்னாள் மாணவர்கள் பத்து டேப் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். டிஜிட்டல் நூலகமாக மாற்றிவிடலாம் என்கிறார் ஹெச்.எம். காகிதப் புத்தகத்தின் மணம் டேப்பில் வருமா? மாறலாமா, வேண்டாமா? பட்டியல் போட நல்ல சாப்ட்வேர் எது? இதை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

பெயரை எடுத்துவிட்டேன். ஊரையும்.

சாப்ட்வேர் விஷயம்: 1,400 புத்தகத்துக்கு ஒரு நீள நோட்டும் கோடு போட ஒரு ஸ்கேலும் போதும். கோஹா என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய நூலகங்கள் அதை வைத்து ஓட்டுகின்றன. உங்களுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. காகித மணம்: அதைப் பற்றி உருகுகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. உங்கள் பீரோவில் இருப்பது அந்துருண்டை மணம்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. 'எண்ணி வாங்கி வைத்துவிடுகிறேன்.' அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

போனைக் குற்றம் சொல்கிறீர்கள். நாற்பது நிமிட பீரியடில் கொடுக்கப் பத்து நிமிடம், எண்ணி வாங்கப் பத்து நிமிடம். மிச்ச இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளை நாலு பக்கம் போயிருக்கும். அடுத்த வாரம் அதே புத்தகம் அதே கைக்கு வருமா? மேலாக இருப்பதை எடுத்து நீட்டியிருப்பீர்கள். வாரம் நாலு பக்கம், அதுவும் வாரத்துக்கொரு புத்தகம். இப்படி நீங்கள் ஒரு கதை படிப்பீர்களா, டீச்சர்? பசிக்கிற பிள்ளை வாயில் ஒரு கவளம் வைத்துவிட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, 'இதுக்குச் சாப்பாட்டில் ஆசையே இல்லை' என்கிறீர்கள். போன் என்ன செய்யும், பாவம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இது பழைய புண்.

நான் ஏழாவது படித்த பள்ளியில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று இருந்தது. சாவி எங்கள் தமிழய்யாவின் பூணூல் மாதிரி; அவர் உடம்பை விட்டு இறங்கியதே இல்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு புத்தக முதுகில் இருக்கும் பெயர்களை மட்டும் படிப்போம். நம்பர் சீட்டு ஒட்டியதில் பாதிப் பெயர் மறைந்திருக்கும். மிச்சத்தை நாங்களே போட்டுக்கொள்வோம்.

ஒரு கோடையில் பீரோவின் அடித்தட்டில் கரையான் ஏறிவிட்டது. புத்தகங்களையெல்லாம் வெளியே எடுத்து, மைதானத்தில் கோரைப்பாய் விரித்து வெயிலில் காயவைத்தார்கள். பள்ளிக்கு மதில் கிடையாது, ஊர் ஆடெல்லாம் உள்ளேதான் மேயும். ஆடு விரட்ட என்னையும் இன்னொருவனையும் உட்காரவைத்தார் தமிழய்யா. 'ஆட்டைப் பாரு, புத்தகத்துல கை வைக்காதே.'

நான் எங்கே ஆட்டைப் பார்த்தேன்? கைக்கு எட்டிய தூரத்தில் அட்டை போன ஒரு கப்பல் கதை கிடந்தது. கரையான் அதன் நடுவில் நாலணா அகலத்துக்கு ஓட்டை போட்டு, ஒரு பக்கத்திலிருந்து நாற்பது ஐம்பது பக்கம் வரைக்கும் நேராக இறங்கியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று வார்த்தை இருக்காது. ஓட்டை வழியே அடுத்த பக்கத்து வார்த்தை எட்டிப் பார்க்கும். கப்பலில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அது என்ன என்ற வார்த்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் சரியாக ஓட்டையில் போயிருந்தது. பேயா, புலியா, திருடனா என்று நானே வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் அப்படி ஓடியது. இரண்டாம் நாள் சாயங்காலம் தலைவன் கையில் விளக்கோடு அடித்தளத்துக்கு இறங்குகிறான். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு ஏதோ ஒரு சர்க்கார் வெளியீட்டின் அட்டையைத் தின்றுவிட்டது. எனக்குப் பிரம்படி. புத்தகங்களை எண்ணி உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாள் போய், 'அய்யா, அந்த ஒண்ணை மட்டும் குடுங்க, நாளைக்கே தந்துடுறேன்' என்று நின்றேன். 'தொலைச்சா யாருடா கட்டுறது?' என்றார்.

அவரைத் திட்ட இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. மூன்று பெண் பிள்ளைகள், அந்தக் காலத்துச் சம்பளம். கட்டச் சொல்லியிருந்தால் நிஜமாகவே கட்டமுடியாதவர். உங்களுக்கு முன்னால் இருந்த சாரை நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த 37 புத்தகமும் எங்கே போயிருக்கும்? காயலான் கடைக்கா? ஏதோ ஒரு வீட்டுப் பரணில், அட்டை கிழிந்து, யாரோ ஒரு தங்கச்சி எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரிதானே போயிருக்கும்? உங்கள் பள்ளி நூலகத்தில் உருப்படியாக வேலை செய்த புத்தகங்கள் அந்த 37தான்.

சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, விதியே இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. அதில் 215ஆம் விதியைப் படியுங்கள். ஓர் ஆண்டில் வழங்கிய, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால் அது நியாயமான இழப்பு என்கிறது. நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டதும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்குப் போட்ட விதி, உங்கள் பள்ளியைக் கட்டாது. ஆனால் கணக்கு போட்டிருக்கும் அழகைப் பாருங்கள். பீரோவில் இருக்கிற ஆயிரத்துக்கு அல்ல, வெளியே போய்வந்த ஆயிரத்துக்கு ஐந்து. 300 பிள்ளைகள், வாரம் ஒன்று, வருஷத்தில் 40 வாரம் என்றால் 12,000 தடவை புத்தகம் கைமாறும். அறுபது வரை தொலைக்கலாம். ஒன்றுமே கொடுக்காத நூலகத்துக்கு ஒன்றுகூடத் தொலைக்க உரிமை இல்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஹெச்.எம். மேசையில் வையுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதே மாதிரி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்தோடு நோட்டில் இருந்தால், நாளை ஆடிட்டில் கேள்வி வரும்போது நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்காது. அதன் பிறகும் பயந்தால் அது உங்கள் தப்பு.

'தலையில் கட்டிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திய நூலகத் துறையின் தந்தை என்கிறார்களே, அந்தச் சீர்காழி ரங்கநாதனுக்கும் நூலக வேலை முதலில் கசந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் எடுத்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த கையோடு, அலுப்பு தாங்காமல், திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றார். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள், வேறு ஆளாக வந்தார். 1931ல் நூலகங்களுக்கென்று அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது. இதைக்கூடவா ஒரு விதியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கதையை இந்த விதியை விளக்கும்போதுதான் சொல்கிறார். அதே 1931ல் உங்கள் பக்கம்தான், மன்னார்குடி மேலவாசலில் இருந்து, மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மழையும் சேறுமான டெல்டா ரோட்டில் அந்த வண்டியிலிருந்து எத்தனை தொலைந்திருக்கும்!

டிஜிட்டலுக்கு நான் எதிரி இல்லை. ராத்திரி நானே போனில்தான் படிக்கிறேன். இணையத்தில் மதுரைத் திட்டம் என்ற தளத்தில் பழைய இலக்கியம் 1998லிருந்து சும்மா கிடைக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இருக்கின்றன, அச்செடுத்தும் கொடுக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளைகள் வீட்டில் எத்தனை போன்? பெரும்பாலும் ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு, இரவு எட்டு மணிக்கு நெட் தீர்ந்துபோய் வீட்டுக்கு வரும். அது கைக்கு வருகிற பத்து நிமிடத்தில் யார் கதை படிப்பார்கள்? நானாக இருந்தாலும் ரீல்ஸ்தான் பார்ப்பேன். பையில் கிடக்கிற புத்தகத்துக்குச் சார்ஜ் வேண்டாம், அப்பா வேண்டாம்.

டேப்பையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்குத் தெரியும், பத்தும் நாலாவது பீரோவுக்குள் போகும். விலை கூடுதல், அதனால் பூட்டும் பெரிதாக இருக்கும். சார்ஜரையும் சேர்த்து எண்ணி வைப்பீர்கள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்து வையுங்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துவிடுங்கள், அவர்களே எழுதிக்கொள்வார்கள். முதலில் எது திரும்பி வராமல் போகிறது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். அதில் இரண்டு பிரதி வாங்கி அனுப்புகிறேன்.